ஆம்புலன்ஸில் நோயாளியின் தலைமாட்டில் அமர்பவர்: வாசகர் கேள்விகளும் மருத்துவர் பதில்களும்

பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வெளியானதிலிருந்து, அவசரகால மருத்துவ உதவியாளர் படிப்பையும் பயிற்சியையும் பற்றிச் சேலம் மாவட்ட வாசகர்களிடமிருந்து கடிதங்கள் வந்த வண்ணம் இருக்கின்றன. அவற்றில் சிலவற்றுக்கு, சேலத்தில் நீண்ட காலமாக அவசர சிகிச்சைப் பிரிவில் பணியாற்றி, ஆம்புலன்ஸ் உதவியாளர்களுக்கு வகுப்பும் எடுத்து வரும் மருத்துவர் இங்கே பதில் தருகிறார்.

கேள்வி: என் மகள் இந்த ஆண்டு பிளஸ் டூ முடித்திருக்கிறாள். "பாராமெடிக்கல் படித்து ஆம்புலன்ஸில் வேலைக்குப் போகப் போகிறேன்" என்கிறாள். உறவினர்களோ, பாராமெடிக்கல் என்றால் லேபில் ரத்தம் பரிசோதிக்கும் வேலைதானே என்கிறார்கள். ஆம்புலன்ஸ் வேலைக்கென்று தனிப் படிப்பு இருக்கிறதா?
– ஒரு தந்தை, ஓமலூர்

பதில்: உங்கள் மகள் சொல்வது சரி, உறவினர்கள் சொல்வதும் தவறில்லை. குழப்பம் சொல்லில்தான் இருக்கிறது. ஆய்வகம், எக்ஸ்ரே, டயாலிசிஸ், அறுவை அரங்கு என்று மருத்துவமும் செவிலியமும் அல்லாத எல்லா மருத்துவத் தொழில்நுட்பப் படிப்புகளுக்கும் 'பாராமெடிக்கல்' என்பது நம் ஊரில் பொதுப்பெயராகிவிட்டது. ஆனால் 'பாராமெடிக்' என்று மற்ற நாடுகளில் அழைக்கப்படுபவர், விபத்து நடந்த இடத்துக்கோ நோயாளியின் வீட்டுக்கோ நேரில் சென்று, அங்கேயே முதல் சிகிச்சையைத் தொடங்கி, மருத்துவமனையில் ஒப்படைக்கும் வரை உயிரைக் காத்துக்கொண்டு வருபவர் மட்டுமே.

இதற்கென்று தனிப் படிப்பு இருக்கிறது. தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் 'பி.எஸ்சி. ஆக்சிடென்ட் அண்ட் எமர்ஜென்சி கேர் டெக்னாலஜி' என்ற பட்டம் மூன்று ஆண்டுப் படிப்பும் ஓராண்டு உள்ளிருப்புப் பயிற்சியுமாக நடத்தப்பட்டு வருகிறது. பட்டயப் படிப்புகளும் உண்டு. 2021-ஆம் ஆண்டு நாடாளுமன்றம் நிறைவேற்றிய துணைநிலை மற்றும் சுகாதாரத் தொழில்முறையாளர்களுக்கான தேசிய ஆணையச் சட்டம், அவசரகால மருத்துவத் தொழில்நுட்பரைப் 'பாராமெடிக்' என்ற பெயரோடு தன் அட்டவணையில் சேர்த்திருப்பதுடன், துணைநிலைத் தொழில்முறையாளரின், அதாவது மருத்துவ சிகிச்சைக்குத் துணைநிற்கும் இத்தகைய தொழில்நுட்பரின், படிப்பு 2,000 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது என்றும் வரையறுத்திருக்கிறது. யார் எந்தச் சான்றிதழைக் காட்டினாலும் வண்டியில் ஏறலாம் என்ற நிலை மாறுவதற்கு இச்சட்டம் வழி திறந்திருக்கிறது. புதிய விதிகளின்படி பாடத்திட்டங்களும் படிப்புகளின் பெயர்களும் மாறி வருவதால், பழைய கையேட்டை நம்பாமல் இந்த ஆண்டின் சேர்க்கை அறிவிப்பைப் படித்த பிறகே விண்ணப்பியுங்கள்.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தைப் பார்க்க வேண்டாம். "நான்கு ஆண்டுகளில் என் மகள் எத்தனை மணி நேரம் ஓடுகிற ஆம்புலன்ஸில் இருப்பாள், அப்போது அவளுக்குக் கற்றுக்கொடுக்க யார் உடன் இருப்பார்?" என்று கேளுங்கள். இதற்கு நேரான பதில் சொல்லாத கல்லூரியில், மற்ற வசதிகள் எவ்வளவு இருந்தாலும், சேர்க்க வேண்டாம் என்பதே என் கருத்து.

கேள்வி: நான் பி.எஸ்சி. விலங்கியல் பட்டதாரி. 108 ஆம்புலன்ஸ் மருத்துவ உதவியாளர் வேலைக்கான நேர்முகத் தேர்வுக்குப் போகலாம் என்றிருக்கிறேன். தேர்வானால் 50 நாள் பயிற்சி என்கிறார்கள். 50 நாளில் ஓர் உயிரைக் காப்பாற்றும் அளவுக்குக் கற்றுக்கொள்ள முடியுமா? பயமாக இருக்கிறது.
– வாசகர், வாழப்பாடி

பதில்: இந்தப் பயத்தோடு வருகிறவர்களைத்தான் எனக்குப் பிடிக்கும், பயமே இல்லை என்பவரைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

2008 செப்டம்பரில் தமிழ்நாட்டில் 108 சேவை தொடங்கியபோது, இதற்கென்றே படித்தவர்கள் போதிய எண்ணிக்கையில் கிடைக்கும் நிலை இல்லை. ஆகவே செவிலியம், ஆய்வகத் தொழில்நுட்பம் படித்தவர்களோடு விலங்கியல், தாவரவியல், உயிர்வேதியியல், நுண்ணுயிரியல் போன்ற உயிரியல் பட்டதாரிகளையும் எடுத்து, வகுப்பறை, மருத்துவமனை, ஆம்புலன்ஸ் என்று மூன்று இடங்களிலும் பழக்கிப் பணிக்கு அனுப்பும் முறை வந்தது. நாளுக்கு எட்டு மணி நேரம் என்று வைத்தால் 50 நாள் என்பது 400 மணி நேரம். மூச்சுப் பாதையைத் திறந்து வைத்தல், ரத்தப்போக்கை நிறுத்துதல், மார்பழுத்தம், எலும்பு முறிவுக்கு அணை கட்டுதல், வண்டியில் பிரசவம் பார்த்தல் ஆகிய அடிப்படைகளுக்கு இது குறைவான காலம் அன்று. அமெரிக்காவில் அடிப்படை நிலை ஊழியர் இதைவிடக் குறைந்த நேரத்திலேயே பயிற்சி முடிக்கிறார். ஆனால் அங்கே அவருக்கு மேலே, ஆயிரம் மணி நேரத்துக்கும் மேலாகப் பயின்ற பாராமெடிக் ஒருவர் இருக்கிறார். கடினமான நோயாளியை அவர் பார்த்துக்கொள்வார். இங்கே, நள்ளிரவில், வண்டியின் பின்பகுதியில் நீங்கள் ஒருவரே இருப்பீர்கள். கட்டுப்பாட்டு மையத்தில் இருக்கும் மருத்துவர் தொலைபேசியில் வழி சொல்வார் என்றாலும், அவருடைய கண்ணும் காதும் கையும் நீங்கள்தான். எனவே 50 நாள் போதாது என்பதைவிட, 51-ஆம் நாளிலிருந்து உங்களுக்குக் கற்றுக்கொடுப்பவர் யார் என்பதைத்தான் பெரிய கேள்வியாக நான் கருதுகிறேன்.

ஓர் எடுத்துக்காட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். சுயமாகச் சரிவர மூச்சுவிட முடியாத நோயாளிக்கு, முகமூடி பொருத்திக் கையால் அழுத்தும் காற்றுப் பையான ஆம்பு பையால் மூச்சுக் கொடுப்பதைப் பயிற்சி நிலையத்தில் மேசை மேல் கிடக்கும் பொம்மையில் பழகுவீர்கள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் முகமூடியை முகத்தோடு அழுத்த, மற்ற மூன்று விரல்கள் தாடையெலும்பை மேலே தூக்கிப் பிடிக்க, மறுகை ஆறு விநாடிக்கு ஒருமுறை பையை அழுத்த வேண்டும். இரண்டு நாளில் கை பழகிவிடும். இப்போது அதையே ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கும் வண்டியில் செய்ய வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடிவாரம் வருவதற்குள் 20 கொண்டை ஊசி வளைவுகள். வண்டியில் நோயாளியின் தலை ஓட்டுநர் பக்கமாகத்தான் இருக்கும். ஆகவே இறக்கத்தில் தலைப்பக்கம் தாழ்கிறது, பிரேக் விழும்போதெல்லாம் உடல் உங்களை நோக்கிச் சரிகிறது. ஒவ்வொரு வளைவிலும் நீங்கள் ஒரு பக்கம் சாய, முகமூடிக்கும் கன்னத்துக்கும் நடுவே இடைவெளி விழுந்து காற்று வெளியே போகிறது. பதற்றத்தில் வேகமாக அழுத்தத் தொடங்குகிறீர்கள். காற்று வயிற்றுக்குள் இறங்கி வாந்தி வருகிறது. வாந்தி மூச்சுப் பாதையை அடைக்கிறது. பொம்மை வாந்தி எடுக்காது, சரியவும் சரியாது.

இதை நன்கு அறிந்த மூத்த உதவியாளர்கள் கிளம்புவதற்கு முன்பே ஸ்ட்ரெச்சரின் தலைப்பக்கத்தைத் தேவையான அளவு உயர்த்தி, தோள் பட்டைகளை இறுக்கி, வாந்தியை உறிஞ்சி எடுக்கும் சக்ஷன் குழாயைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்து, தாமும் இருக்கைப் பட்டை அணிந்துகொண்டு, "வளைவுக்கு முன்னால் குரல் கொடுங்கள் அண்ணா" என்று ஓட்டுநரிடம் சொல்லி வைப்பார்கள். எந்தப் பாடநூலிலும் நான் இதைப் படித்ததில்லை. ஓர் உதவியாளர் எனக்குக் காட்டிக் கற்றுக்கொண்டேன்; அதன் பிறகே வகுப்பில் சொல்லத் தொடங்கினேன். ஓட்டுநரையும் உதவியாளரையும் தனித்தனி அறையில் வைத்துப் பயிற்றுவிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. மலைப்பாதையில் சிகிச்சை என்பது இருவரும் சேர்ந்து செய்யும் வேலை.

அதேபோல் ஆக்சிஜன் கணக்கு. 1,500 லிட்டர் நிறைந்த சிலிண்டர், நிமிடத்துக்கு 10 லிட்டர் வீதம் 150 நிமிடம் வரும்; பாதிதான் இருக்கிறது என்றால் 75 நிமிடம். மலைக்குள் தள்ளியிருக்கும் ஒரு சிற்றூரிலிருந்து சேலம் அரசு மருத்துவமனை வந்து சேர அந்த 75 நிமிடம் போதுமா? இதை வண்டி கிளம்பும் முன் மனக்கணக்காகப் போடத் தெரிந்தவரே உதவியாளர். சிலிண்டர் அளவுமானியின் முள்ளைப் பார்த்து "இருக்கிறது" என்று மட்டும் சொல்பவரை நான் தேர்ச்சி பெறச் செய்ய மாட்டேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நோயாளியை ஒப்படைத்துவிட்டு வெளியேறும் உதவியாளருக்கு, அவர் பிழைத்தாரா, தாம் செய்தது சரியா என்று பெரும்பாலும் தெரிவதே இல்லை. ஒருவர் ஒரே தவற்றைப் பத்து ஆண்டு செய்தால் அதற்கு அனுபவம் என்று பெயராகிவிடும். மாதம் ஒருமுறை மருத்துவமனை மருத்துவரும் ஆம்புலன்ஸ் உதவியாளர்களும் உட்கார்ந்து, அந்த மாதம் வந்த நோயாளிகளில் ஐந்து பேரைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினால் போதும். அதற்கு ஈடான பயிற்சி வேறில்லை. இதற்குப் பணம் வேண்டியதில்லை, மனம் இருந்தால் போதும். நேர்முகத் தேர்வுக்குப் போங்கள். வேலையில் சேர்ந்த பின், ஒப்படைத்த நோயாளியைப் பற்றி மறுநாள் வந்து கேட்கும் வழக்கத்தை விடாதீர்கள். எரிச்சல்படும் மருத்துவரும் நான்காவது முறை பதில் சொல்வார்.

கேள்வி: நாங்கள் ஏற்காடு மலையில் நாகலூர்ப் பக்கம் இருக்கிறோம். சென்ற ஆண்டு என் மருமகளுக்குப் பிரசவ வலி வந்தபோது வந்த வண்டியில் ஆண் உதவியாளர் இருந்தார். தங்கமான பிள்ளை, ஆனால் எங்கள் வீட்டுப் பெண்கள் தயங்கினார்கள், அரை மணி நேரம் வீணாகிவிட்டது. எங்கள் மலைப் பிள்ளைகளுக்கே இந்தப் படிப்பைக் கொடுக்க முடியாதா?
– ஓர் அம்மா, ஏற்காடு வட்டம்

பதில்: அம்மா, உங்கள் கேள்வி இந்தத் துறையின் மிகப் பழைய, மிக நல்ல யோசனை ஒன்றை நினைவூட்டுகிறது. 1967-இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில், ஹில் டிஸ்ட்ரிக்ட் என்னும் ஏழைக் கறுப்பின மக்களின் பகுதியில், வேலையில்லாமல் இருந்த உள்ளூர் இளைஞர்களைத் தேர்ந்தெடுத்து, இன்று உலகம் முழுவதும் செய்யப்படும் இதய நுரையீரல் உயிர்ப்பிப்பு (சி.பி.ஆர்.) முறையை உருவாக்கியவர்களில் ஒருவரான மருத்துவர் பீட்டர் சஃபார் பயிற்சி கொடுத்தார். 'ஃப்ரீடம் ஹவுஸ்' என்ற அந்த ஆம்புலன்ஸ் சேவையில் பணியாற்றியவர்களில் சிலர் பள்ளிப் படிப்பையே முடிக்காதவர்கள். அவர்களுடைய வேலையின் தரம், பின்னால் அந்த நாட்டுப் பாராமெடிக் பாடத்திட்டத்துக்கே அடிப்படையானது. ஊர்க்காரருக்குத் திறமை இல்லை என்பது வெறும் சாக்கு என்று அன்றே மெய்ப்பிக்கப்பட்டுவிட்டது.

உங்கள் ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைக்கு இது இன்னும் பொருந்தும். எந்தத் தோட்டத்துக்குள் எந்த ஜீப் பாதை போகிறது, மழையில் எந்த ஓடை பெருகும், வண்டி போகாத இடத்திலிருந்து எந்த ஒற்றையடிப் பாதையில் ஆளைத் தூக்கி வரலாம் என்பதெல்லாம் வெளியூர் உதவியாளருக்கு ஆண்டுக்கணக்கில் பழகினால்தான் தெரியும். நாகலூரிலோ மாரமங்கலத்திலோ செம்மநத்தத்திலோ பிறந்த பெண்ணுக்குப் பத்து வயதிலேயே தெரியும். வீட்டு வாசலில் அவள் வந்து நின்று, "அத்தை, நான்தான் பார்க்கப் போகிறேன்" என்று சொன்னால் நீங்கள் சொன்ன அரை மணி நேரம் மிச்சமாகும்.

ஆனால் இதில் தடை எங்கே இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். மலையில் படிக்கும் பெண் பிளஸ் டூவில் அறிவியல் பிரிவு எடுக்க வேண்டும். அதன் பின் கீழே வந்து விடுதியில் தங்கி, ஆங்கிலப் பாடநூலைப் படிக்க வேண்டும். முடித்த பின் இரவுப் பணிக்கு வீட்டார் சம்மதிக்க வேண்டும். இந்த மூன்று படிகளில் எங்கே வேண்டுமானாலும் அவள் நின்றுவிடலாம். ஆகவே பட்டப் படிப்புக்குக் காத்திராமல், காபித் தோட்ட மேற்பார்வையாளர், ஜீப் ஓட்டுநர், மகளிர் குழு உறுப்பினர் ஆகியோருக்குச் சில நாள் முதலுதவிப் பயிற்சியை ஊரிலேயே கொடுத்து, அவர்களில் ஆர்வமுள்ள இளையவர்களை அடுத்த படிப்புக்கு உதவித்தொகையுடன் அனுப்புவதே நடக்கக்கூடிய வழி என்று நினைக்கிறேன். வண்டி வரும் வரை ரத்தப்போக்கை அழுத்திப் பிடிக்கவும், பாம்பு கடித்த காலைக் கயிற்றால் இறுக்கிக் கட்டாமல் அசையாமல் வைக்கவும், பிறந்த குழந்தையைத் துடைத்துத் தாயின் மார்போடு அணைத்து மூடி வைக்கவும் தெரிந்த ஒருவர் ஒவ்வொரு ஊரிலும் இருந்தால், பின்னால் வரும் உதவியாளரின் வேலையில் பாதி முடிந்திருக்கும்.

ஆண் உதவியாளரைப் பற்றி ஒரு சொல். பிரசவம் பார்க்க அவருக்கும் முறையாகப் பயிற்சி உண்டு. கையை மட்டுமன்றி நாவையும் பழக்க வேண்டும் என்பது நான் வகுப்பில் வற்புறுத்துவது. உள்ளே நுழைந்ததும் வீட்டின் மூத்த பெண்ணிடம் அனுமதி கேட்டு, அவரையே உடன் வைத்துக்கொண்டு, எதைச் செய்யப் போகிறோம் என்று முதலில் சொல்லிவிட்டுச் செய்பவரை எந்தக் குடும்பமும் தடுத்து நான் பார்த்ததில்லை.

கேள்வி: நான் தனியார் கல்லூரி ஒன்றில் இந்தப் படிப்புக்கு ஆசிரியராக இருக்கிறேன். பயிற்சிக்கு அனுப்பப்படும் மாணவர்களை மருத்துவமனைகள் ஸ்ட்ரெச்சர் தள்ளவும் ரிப்போர்ட் வாங்கி வரவும் பயன்படுத்துகின்றன. தமிழ்வழியில் படித்து வந்தவர்கள் ஆங்கிலப் பாடநூலை மனப்பாடம் செய்கிறார்கள். என்ன செய்யலாம்?
– ஆசிரியர், சேலம்

பதில்: தாங்கள் சொல்வது முழு உண்மை. நான் பணியாற்றிய ஒரு மருத்துவமனையில், உள்ளிருப்புப் பயிற்சி மாணவர் ஒருவர் ஆறு மாதம் முடித்த பின்னும் ஒருமுறைகூட ஆம்பு பையைப் பிடித்ததில்லை என்பது தெரிந்து நான் வெட்கப்பட்டேன். தவறு அவருடையது அன்று. அவர் பெயர்ப் பட்டியலில் இருந்தார். அவருக்குப் பொறுப்பானவர் என்று எவரும் இல்லை.

எனக்குத் தெரிந்த ஒரே மருந்து, கையொப்பமிடப்பட்ட பதிவேடு. வருகைப் பதிவை அதில் வைக்கக் கூடாது. இத்தனை முறை மூச்சுப் பாதையைத் திறந்தார், இத்தனை முறை ஊசிவழித் திரவம் ஏற்றினார், இத்தனை முறை நோயாளியை மருத்துவரிடம் வாய்மொழியாக ஒப்படைத்தார் என்று செய்கையைக் கணக்கிட வேண்டும். எண்ணிக்கை நிறையாமல் தேர்வுக்கு அனுப்பக் கூடாது. கல்லூரி இதில் உறுதியாக நின்றால் மருத்துவமனையும் வழிக்கு வரும். ஏனென்றால் பழகிய மாணவர் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு உண்மையிலேயே பயன்படுவார். கற்பிப்பவர்களில் பாதிப் பேராவது வண்டியில் பணியாற்றியவர்களாக இருக்க வேண்டும் என்பதும் என் நிலைப்பாடு. என்னைப் போன்ற மருத்துவர்கள் நோயைக் கற்பிப்போம். மழையில், இருட்டில், கூட்டத்தின் நடுவே, கவிழ்ந்த வேனுக்குள் கையை நுழைத்து நாடி பார்ப்பதை நாங்கள் செய்ததில்லை. நம் பட்டதாரிகள் பத்து ஆண்டு அனுபவத்துக்குப் பின் ஆசிரியராக வருவதற்கு ஊதியமும் பதவியும் உள்ள பாதை அமைந்தால்தான் இந்தத் துறை தன் காலில் நிற்கும்.

மொழியைப் பொறுத்தவரை, ஆங்கிலக் கலைச்சொல் தேவைதான். மருந்தின் பெயரையும் அளவையும் பிழையின்றிப் படிக்க வேண்டும். ஆனால் நோயாளி "நெஞ்சை அடைக்கிறது", "கிறுகிறுப்பாக வருகிறது", "கை மதமதப்பாக இருக்கிறது" என்றுதான் சொல்வார். இந்தச் சொற்களில் எது மாரடைப்பைச் சுட்டும், எது பக்கவாதத்தைச் சுட்டும் என்று பிரித்தறியும் பயிற்சியைத் தமிழிலேயே கொடுங்கள். தமிழ்வழி மாணவர்கள் இங்கே மற்றவர்களைவிட ஒரு படி மேலே நிற்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அந்த வெற்றியை ருசித்த பின் ஆங்கிலப் பாடநூலும் அவர்களை மிரட்டுவதில்லை.

கேள்வி: இந்தப் பட்டத்தோடு வெளிநாட்டில் பாராமெடிக் வேலை கிடைக்குமா?
– மாணவர், ஆத்தூர்

பதில்: நேரடியாகக் கிடைக்கும் என்று எந்த முகவர் சொன்னாலும் நம்ப வேண்டாம். பிரிட்டனில் பாராமெடிக் என்ற பெயரே சட்டத்தால் காக்கப்பட்டது. ஆஸ்திரேலியாவில் 2018 டிசம்பர் முதல் தேசியப் பதிவு கட்டாயம். இரு நாடுகளிலும் உங்கள் படிப்பையும் வண்டியில் பணியாற்றிய அனுபவத்தையும் மதிப்பிட்ட பிறகே பதிவு தருவார்கள். வளைகுடா நாடுகளிலும் உரிமத் தேர்வு உண்டு. எங்கே போவதானாலும் முதலில் இங்கே சில ஆண்டுகள் ஆம்புலன்ஸில் பணியாற்றி, அதற்கான சான்றுகளைப் பத்திரப்படுத்துங்கள்.

கேள்வி: என் கணவர் ஆம்புலன்ஸ் உதவியாளர். 12 மணி நேரப் பணி. நெடுஞ்சாலையில் ஒரு குழந்தை இறந்த விபத்துக்குப் பிறகு அவர் சரியாகத் தூங்குவதில்லை, எங்களிடமும் பேசுவதில்லை. இதற்கெல்லாம் பயிற்சியில் எதுவும் சொல்லித்தர மாட்டார்களா?
– ஒரு மனைவி, சேலம்

பதில்: சொல்லித்தர வேண்டும், போதிய அளவு சொல்லித்தருவதில்லை என்பதை வருத்தத்தோடு ஒப்புக்கொள்கிறேன். கொச்சி சாலையும் பெங்களூரு சாலையும் உளுந்தூர்பேட்டை சாலையும் வந்து கூடும் ஊர் நம்முடையது. இங்கே பணியாற்றுபவர் ஒரே ஆண்டில் பார்ப்பதைப் பலர் வாழ்நாளில் பார்ப்பதில்லை. ஒரு மோசமான அழைப்புக்குப் பின் அடுத்த அழைப்பை உடனே கொடுக்காமல், மூத்தவர் ஒருவர் அரை மணி நேரம் உடனிருந்து, நடந்ததை வரிசையாகச் சொல்ல வைப்பது வகுப்பிலேயே பழக்கப்பட வேண்டிய செயல்முறை. குழந்தையின் மரணத்தைத் தாயிடம் எந்தச் சொற்களில் சொல்வது என்பதும் பாடமாக வேண்டும்.

இப்போது உங்கள் கணவருக்கு வருவோம். தூக்கமின்மையும் பேசாமையும் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்திருந்தால், அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அவரை அழைத்துச் செல்லுங்கள். இது கோழைத்தனம் அன்று, நோய் என்றும், சிகிச்சையால் சரியாகக்கூடியது என்றும் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். தமிழ்நாடு அரசின் 104 எண்ணிலும் ஆலோசனை பெறலாம். "என்ன நடந்தது?" என்று அவரைத் தோண்டிக் கேட்க வேண்டாம், அவர் பேசத் தொடங்கும்போது கையில் இருக்கும் வேலையை வைத்துவிட்டுக் கேளுங்கள்.

கேள்வி: எனக்கு இந்தப் படிப்பில் மிகவும் ஆசை. ஆனால் ரத்தத்தைப் பார்த்தால் தலைசுற்றி விழுந்துவிடுகிறேன். நான் சேரலாமா?
– பிளஸ் டூ மாணவி, மேட்டூர்

பதில்: சேரலாம். ரத்தத்தைக் கண்டதும் சிலருக்கு இதயத் துடிப்பு குறைந்து ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கிவிடுகிறது; அதனால்தான் மயக்கம் வருகிறது. மனத்திடத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. கண் இருட்டுவது போலத் தோன்றியவுடன் தொடை, வயிறு, கைத் தசைகளைப் பத்துப் பதினைந்து விநாடி இறுக்கிப் பிடித்துத் தளர்த்துங்கள், மறுபடி இறுக்குங்கள். அழுத்தம் இறங்காமல் நிற்கும். வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து நாள்தோறும் இதைப் பழகுங்கள். அறுவை அரங்கில் முதல் நாள் விழுந்த என் மாணவி ஒருத்தி இன்று ஆம்புலன்ஸில் இருக்கிறாள். முதல் முறை வார்டுக்குப் போகும் நாளில் வெறும் வயிற்றோடு போகாதீர்கள். சுவர் ஓரமாக நில்லுங்கள். உள்ளே நுழையும்போதே அங்கிருக்கும் செவிலியர் அக்காவிடம், "எனக்கு மயக்கம் வரலாம்" என்று சொல்லிவிடுங்கள். அவர் ஒரு முக்காலியை இழுத்துப் போடுவார்.